சிறு கருவியைக் கண்டுபிடித்த பெண் காப்புரிமையிலும் விற்பனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாடப் பயன்பாட்டுக்கான சிறு கருவி ஒன்றை, நிறுவனப் பின்புலம் ஏதுமின்றித் தனியாளாக உருவாக்கும் பெண்ணுக்கு நேரும் இழப்புகளில் பெரும்பாலானவை, முதலில் செய்ய வேண்டியதைப் பிறகு செய்வதால் வருபவை. கருவி நன்றாகவே இருக்கும். விண்ணப்பம் மட்டும் ஒரு மாதம் பிந்தியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விண்ணப்பிக்கும் முன்பே கருவியை வெளியே காட்டிவிடுவது. சமூக ஊடகத்தில் ஒரு படம், கண்காட்சியில் ஒரு செயல்விளக்கம், அறிமுகமானவர்களுக்குப் பத்துக் கருவிகளை விற்பது ஆகிய அனைத்தும் சட்டத்தின் பார்வையில் பொதுவெளிப்பாடாகக் கருதப்படலாம். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளரே வெளியிட்ட தகவலுக்கு ஓராண்டுச் சலுகை உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்திலோ, மிகக் குறுகிய சில விதிவிலக்குகளைத் தவிர, விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியானது எதுவும் புதியது ஆகாது. வெளியிட்டவர் கண்டுபிடிப்பாளரே என்றாலும் இதுதான் நிலை. நண்பர்களின் பாராட்டுக்காகப் பகிர்ந்த ஒரு நிமிடக் காணொளி, பல நாடுகளின் கதவை ஒரே நாளில் அடைத்துவிடக்கூடும்.

மாதிரியைச் செய்து தரும் பட்டறையும் வெளியாள்தான். தட்டையான அடிப்பாகம் கொண்ட காகிதப் பைகளைத் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய மார்கரெட் நைட், அதன் இரும்பு மாதிரியைப் பட்டறையில் செய்ய வைத்தபோது, அங்கே அதைப் பார்த்த ஒருவர் தம் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். நைட் வழக்காடினார், தம் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் முன்வைத்து வென்று, 1871இல் காப்புரிமையைப் பெற்றார். அவரைக் காப்பாற்றியது, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்ற அன்றைய அமெரிக்க விதி. அந்த நாடும் 2013 மார்ச் 16 முதல், முதலில் விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை என்ற முறைக்கு மாறிவிட்டது. ஒருவர் தம்மிடமிருந்தே திருடினார் என்று நிறுவ இன்றும் வழி உண்டு என்றாலும், அது செலவும் மன உளைச்சலும் மிகுந்த வழி. ஆகவே தேதியிட்ட குறிப்பேட்டை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பட்டறைக்காரரிடம் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே வரைபடத்தைக் கொடுக்க வேண்டும்.

முழு விண்ணப்பத்துக்கு முன் தேதியைப் பிடித்துவைக்க உதவும் தற்காலிக விண்ணப்பத்தை ஏற்கும் நாடுகளில், ஒரு பக்க விவரமும் ஒரு கைப்படமும் கொடுத்துவிட்டு நிம்மதியடைபவர்கள் பலர். அந்த விண்ணப்பத்தில் விளக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே அதன் தேதி பாதுகாப்பளிக்கும். ஆறு மாதம் கழித்துச் சேர்த்த முக்கியமான மாற்றத்துக்கு அந்தத் தேதி உதவாது. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் வெளிநாட்டு விண்ணப்பங்களையும் அளித்தாக வேண்டும். காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகச் சர்வதேச விண்ணப்பம் செய்தால், நாடுவாரியாகச் செலவிட வேண்டிய கட்டம் பெரும்பாலும் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 30 மாதங்கள் வரை தள்ளிப்போகும். சந்தை எங்கே இருக்கிறது என்று தெரியாத தனியாளுக்கு இந்த அவகாசம் மிகவும் மதிப்புள்ளது.

அடுத்த தவறு உரிமைக்கோரல்களை, அதாவது எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாக்கியங்களை, எழுதும் விதத்தில் நேர்கிறது. தையல் ஊசியில் நூல் கோக்க உதவும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊசியை உள்ளே வைத்ததும் அதன் காது தானாகவே கொக்கிக்கு நேராகத் திரும்பி நிற்பதுதான் அதன் புதுமை என்று கொள்வோம். கண்டுபிடித்தவர் தம் மேசையில் இருக்கும் மாதிரியைப் பார்த்து, ‘நீல நிறப் பிளாஸ்டிக் உடலும், ஊசியை நிறுத்தும் பள்ளமும், எஃகுக் கொக்கியும் கொண்ட கருவி’ என்று எழுதுகிறார். உரிமைக்கோரலில் உள்ள ஒவ்வொரு கூறும் மற்றவரின் கருவியில் இருந்தால்தான் பொதுவாக அது மீறலாகும் என்பதால், பள்ளத்துக்குப் பதில் சிறு காந்தத்தை வைத்துச் சிவப்பு நிறத்தில் தயாரிக்கும் போட்டியாளர் எளிதில் தப்பிவிடுவார். இதற்கு நேர்மாறாக ‘ஊசியில் நூல் கோக்கும் கருவி’ என்று மட்டும் எழுதினால், ஏற்கெனவே உள்ள பழைய கருவிகளைக் காட்டிக் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அதை நிராகரிப்பார். ‘ஊசியைத் தாங்கி, அதன் காதைக் கொக்கிக்கு நேராக நிறுத்தும் உறுப்பு’ என்று முதன்மைக் கோரலில் புதுமையை மட்டும் பிடித்துவைத்து, அந்த உறுப்பு பள்ளமாகவோ காந்தமாகவோ இருக்கலாம் என்பதை அடுத்தடுத்த கோரல்களிலும் விளக்கப் பகுதியிலும் எழுதுவதே சரி. எங்கே சிக்கனம் பிடித்தாலும் இந்த இடத்தில் காப்புரிமை முகவருக்கான கட்டணத்தில் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடையில் கிடைக்கவில்லை என்பதால் ஒரு பொருள் புதியது ஆகிவிடாது. விற்பனைக்கே வராத ஆயிரக்கணக்கான கருவிகள் காப்புரிமை ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றைக் கட்டணமில்லாத் தரவுத்தளங்களில் தேடலாம். தமக்குக் காப்புரிமை கிடைத்தாலே தயாரிக்கும் உரிமையும் கிடைத்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. காப்புரிமை பிறரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. இன்னொருவரின் நடப்பிலுள்ள காப்புரிமையின் மேல் கட்டப்பட்ட மேம்பாடு என்றால், அவருடைய அனுமதியும் தேவைப்படும்.

1715இல் சிபில்லா மாஸ்டர்ஸ் உருவாக்கிய சோளம் பதப்படுத்தும் முறைக்கான ஆங்கிலக் காப்புரிமை, அவர் கணவர் பெயரிலேயே வழங்கப்பட்டது. அன்று சட்டம் அப்படி இருந்தது. இன்று அந்தக் கட்டாயம் எதுவும் இல்லாதபோதும், அலைச்சல் குறையும் என்று சொல்லிக் கணவரையோ சகோதரரையோ கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செயல். அது உரியவரின் பெயரை அழிப்பதோடு, கண்டுபிடிப்பாளர் பற்றிய தவறான தகவல் என்ற காரணத்தால் காப்புரிமையையே கேள்விக்குள்ளாக்கவும் கூடும்.

ஒவ்வொரு கருவிக்கும் முழுக் காப்புரிமைதான் வேண்டும் என்பதில்லை. 1908இல் மெலிட்டா பென்ட்ஸ், பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளையிட்டு, மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்த ஒற்றுத்தாளை உள்ளே வைத்துச் செய்த காபி வடிகட்டி, ஜெர்மனியில் ‘பயன்பாட்டு மாதிரி’ (utility model) என்ற எளிய வகையிலேயே பதிவுசெய்யப்பட்டது. செலவு குறைந்த, விரைவான இந்தப் பதிவுமுறை அமெரிக்காவில் இல்லை; ஜெர்மனி, ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் இன்றும் உண்டு. தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவும் பெயருக்கு வணிகச் சின்னப் பதிவும் தனித்தனியே தேவை.

பதிவு முடிந்ததும் வாங்குபவர்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருப்பது அடுத்த தவறு. கார் முகப்புக் கண்ணாடித் துடைப்பானுக்கு 1903இல் காப்புரிமை பெற்ற மேரி ஆண்டர்சன் அதன் உரிமையை விற்க முயன்றபோது, வணிக மதிப்பில்லை என்ற பதிலே 1905இல் கிடைத்தது. துடைப்பான் பரவலாகும் முன்பே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பென்ட்ஸ் தாமே நிறுவனத்தைத் தொடங்கி, 1909 லைப்சிக் சந்தைக்கு வடிகட்டியைக் கொண்டு சென்று 1,200க்கும் மேல் விற்றார். இன்றைய 20 ஆண்டுக் காலமும் விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. புதுப்பிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் அதுவும் பாதியில் முடிந்துவிடும்.

‘உங்கள் கண்டுபிடிப்பை உலகச் சந்தைக்குக் கொண்டு செல்கிறோம்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம், இதுவரை எத்தனை வாடிக்கையாளர்கள் தாங்கள் கொடுத்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு மழுப்பலான பதில் வந்தால் விலகிவிட வேண்டும். பிளாஸ்டிக் வார்ப்புக்கான அச்சு (மோல்டு), முதலீட்டில் பெரும் பங்கை விழுங்கும் என்பதால், அறிமுகமில்லாத சிலர் கையில் மாதிரியைக் கொடுத்து, பேசாமல் அவர்கள் பயன்படுத்துவதைக் கவனித்த பின்பே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். கடைக்காரரின் பங்கு, பெட்டி, போக்குவரத்து, திரும்பி வரும் பொருட்கள் அனைத்தையும் கழித்தால், தயாரிப்புச் செலவைப் போல் நான்கு மடங்கு விலைக்கு விற்க முடியாத சிறு பொருளில் மிச்சம் ஏதும் நிற்பது கடினம்.

உரிமத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதானால், முழு உரிமையையும் ஒரே தொகைக்கு எழுதிக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். பலகை விளையாட்டு ஒன்றை வடிவமைத்த எலிசபெத் மாகி, 1935இல் 500 டாலருக்குத் தம் காப்புரிமையை விற்றார். அதன் வழிவந்த ‘மோனோபொலி’ உலகெங்கும் விற்றபோது விற்பனைக்கேற்பக் கிடைக்கும் உரிமத்தொகை (ராயல்டி) எதுவும் அவருக்கு வரவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்ச உரிமத்தொகையும், குறித்த காலத்துக்குள் விற்பனை தொடங்காவிட்டால் உரிமை கண்டுபிடிப்பாளருக்கே திரும்பும் என்ற விதியும் ஒப்பந்தத்தில் இடம்பெறாவிட்டால், வாங்கிய நிறுவனம் கருவியை அலமாரியில் பூட்டி வைத்தாலும் அவரால் எதுவும் செய்ய இயலாது.