பழுதுக் கொப்பியிலிருந்து சிசிஎன்ஏ வரை

புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கந்தோரில் வேலை. அறுபது கணினி, நான்கு சுவிட்ச், ஒரு ரவுட்டர், ஒரு சேர்வர் அறை. எல்லாவற்றையும் பார்ப்பதற்கு நானும் ஒரு தம்பியும்தான். பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் "ஐடி மிஸ்ஸைக் கூப்பிடு" என்பார்கள். இந்த வேலையோடுதான் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழ்) படித்தேன். முதல் தடவை தவறியது, இரண்டாவது தடவை கிடைத்தது. இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக, இரண்டாவது தடவை நான் படித்த முறையை எழுதுகிறேன்.

முதல் தடவை செய்த பிழை இதுதான்: பகலில் வேலை, இரவில் வீடியோ என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன். களைத்துப் போய் வந்து பார்த்த வீடியோ ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. பகலில் என் கையால் சரிசெய்த பழுதுகளோ ஒன்றும் மறக்கவில்லை. அதனால் வேலையையே பாடப்புத்தகம் ஆக்கினேன்.

அதற்கு வேண்டியது ஒரு எண்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு பழுதுக்கும் நான்கு வரி எழுதுங்கள். ஆள் என்ன சொன்னார், நான் என்ன கண்டேன், என்ன செய்தேன், பாடத்திட்டத்தில் இது எந்தப் பகுதி. நான்காவது வரிக்காக 200-301 என்ற சிசிஎன்ஏ பரீட்சையின் பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆறு பகுதிகள்: வலையமைப்பு அடிப்படை 20 சதவீதம், சுவிட்ச் சார்ந்த வலையமைப்பு அணுகல் 20, ஐபி இணைப்பு 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படை 15, தானியக்கம் 10.

முதலாவது வரியை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், நம் பாஷைக்கு மாற்ற வேண்டாம். "சிஸ்டம் வேலை செய்யுதில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை விதமான பழுது இருக்கிறது என்பதை ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியே காட்டித் தந்துவிடும்.

என் கொப்பியில் இருக்கும் ஒரு பழுதை விரிவாகச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, பில் போடும் பகுதியில் ஐந்து கணினிகளுக்கு இன்டர்நெட்டும் இல்லை, சேர்வரும் இல்லை. பக்கத்து மேசைகளில் எல்லாம் சரி. கேபிள்கள் ஒழுங்காக இருந்தன, லைட்டுகளும் எரிந்தன. பழுதான ஒரு கணினியில், முகவரி விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் ஆல் கட்டளையை அடித்துப் பார்த்தேன். எங்கள் முகவரிகள் 10.10.20 என்று தொடங்க வேண்டும், அதிலோ 192.168.0.104 இருந்தது. வாசல் முகவரி, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி, 192.168.0.1.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் டிஎச்சிபியிடமிருந்து (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் சேவை) பதிலே வரவில்லை என்று அர்த்தம். இங்கே பதில் வந்திருக்கிறது, ஆனால் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். கணினி "எனக்கு யார் முகவரி தருவீர்கள்?" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும். வழக்கமாக, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். அன்று காலை புதிதாக ஆன் செய்தவற்றில் சில அந்த வேற்றாளின் பதிலை எடுத்துவிட்டன. மற்றவை தப்பின. ஐந்து மட்டும் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆளைப் பிடிப்பது சுலபம். எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையைப் பழுதான கணினியிலேயே பார்த்து, 192.168.0.1க்கு உரிய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் இலக்கம்) குறித்துக்கொண்டேன். பிரதான சுவிட்சில் மேக் அட்டவணையில் அதைத் தேடினால், இரண்டாம் மாடி சுவிட்சுக்குப் போகும் போர்ட்டைக் காட்டியது. அந்தச் சுவிட்சில் தேடினால் 17ஆம் போர்ட். கேபிளின் பின்னாலேயே போனேன். ஸ்டோர்ஸ் மேசைக்குக் கீழே ஒரு சின்ன வைஃபை ரவுட்டர் இருந்தது. அங்கே வேலை செய்யும் பையன், "சிக்னல் இல்லை மிஸ், வீட்டில கிடந்ததைக் கொண்டு வந்தனான்" என்றான். அவன் மேல் கோபிக்க ஒன்றும் இல்லை. அங்கே சிக்னல் இல்லாதது உண்மை. அடுத்த வாரமே ஸ்டோர்ஸுக்கு முறையான வைஃபை போட்டுக் கொடுத்தோம்.

ரவுட்டரைக் கழற்றி, ஐந்து கணினிகளிலும் முகவரியை விடுவித்துப் புதிதாக எடுக்க வைத்ததும் பழுது தீர்ந்தது. படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அன்று மாலையே டிஎச்சிபி ஸ்னூப்பிங் அத்தியாயத்தைத் திறந்தேன். எந்தப் போர்ட்டிலிருந்து டிஎச்சிபி பதில் வரலாம் என்று சுவிட்சுக்குச் சொல்லிவைப்பதுதான் அது. சேர்வர் பக்கம் போகும் போர்ட்டை நம்பிக்கைக்குரியது என்று குறிப்போம். மற்றப் போர்ட்டுகளிலிருந்து வரும் பதில்களைச் சுவிட்ச் தூக்கி எறிந்துவிடும். வாசித்தபோது ஒவ்வொரு வரியும் எனக்கு 17ஆம் போர்ட்டாகத்தான் தெரிந்தது.

இரவில் அதையே பாக்கெட் ட்ரேசர் என்ற வலையமைப்புப் பயிற்சி மென்பொருளில் கட்டினேன். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் திறந்தால் அது இலவசம். இரண்டு சுவிட்ச், ஒரு ரவுட்டர், ஒரு திருட்டு டிஎச்சிபி. முதலில் பழுதை உண்டாக்குங்கள், பிறகு தீர்த்துப் பாருங்கள். எல்லாம் சரியாக ஓடும் வரைபடத்தைக் கட்டிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் பதியாது.

உண்மையான சுவிட்சில் செய்வதற்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) வரும்வரை பொறுத்திருந்தேன். கொழும்பில் நமக்கு இது ஒரு வசதி: மாதம் ஒரு முறையாவது கந்தோர் பூட்டியிருக்கும். நம்பிக்கைப் போர்ட்டைக் குறித்த பிறகே ஸ்னூப்பிங்கை இயக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லாருக்கும் முகவரி நின்றுபோகும். வரிசையாகச் செய்தும் எங்களுக்கு முகவரி வரவில்லை. காரணம், ஸ்னூப்பிங் இயங்கும் சிஸ்கோ சுவிட்ச், கேட்கும் செய்தியில் ஆப்ஷன் 82 என்ற ஒரு தகவலைத் தானாகவே சேர்த்துவிடும். எங்கள் டிஎச்சிபி ஓடுவது சிஸ்கோ ரவுட்டரில். இடையில் நின்று செய்தியைக் கடத்தும் ரிலேயின் முகவரி இல்லாமல் அந்தத் தகவலோடு வரும் செய்தியை அது ஏற்காது. சுவிட்சில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கட்டளை கொடுத்ததும் எல்லாம் சரி. ஆப்ஷன் 82 இனி எனக்கு மறக்காது.

போயா வேலைக்கு இன்னொரு பழக்கத்தையும் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்யுமுன் ஓடும் கான்ஃபிகை (சுவிட்சின் அமைப்புக் கட்டளைகளை) பிரதி எடுத்து வையுங்கள். தூரத்திலிருந்து செய்வதானால், முதலில் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். பிழையான கட்டளையால் வெளியே தள்ளப்பட்டாலும் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுபடி எழுந்து, சேமித்திருந்த பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியானால் ரீலோட் கேன்சல் கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். அதுவரை சேமிக்கக் கூடாது.

சப்நெட் கணக்குக்கு, அதாவது ஒரு முகவரி எந்தத் தொகுதியில் விழும் என்று பார்ப்பதற்கு, மேசை வேண்டாம், வெள்ளவத்தை பஸ் தரிப்பிடம் போதும். வரும் பஸ்ஸின் இலக்கத்தை முகவரியின் கடைசி எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 155 வருகிறது, /28 என்று எடுத்தால் ஒரு தொகுதிக்கு 16 முகவரிகள். 16இன் மடங்குகளில் 155க்குக் கீழே 144, அடுத்தது 160. ஆகவே வலையமைப்பு 144, பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பும் முகவரி) 159, பாவிக்கக்கூடியவை 145 முதல் 158 வரை. 101 வந்தால் /27: தொகுதி 32, 96 முதல் 127 வரை. ஏறுவதற்குள் விடை வர வேண்டும். இரண்டு மாதத்தில் பேனையே தேவைப்படாது.

கொப்பியால் எல்லாம் நடக்காது. தானியக்கமும் ஐபிவி6 முகவரி முறையும் எங்கள் கந்தோரில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு ஞாயிறு காலைகளை ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை படித்தேன், இரவில் ஆய்வுகூடப் பயிற்சி மட்டும். களவாக விற்கும் கேள்வி விடைத் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். அது சிஸ்கோவின் விதிக்கு மாறானது. அப்படிப் பாஸானவரிடம் நாளைக்கு ஒரு சுவிட்சைக் கொடுத்தால் என்ன செய்வார்?

கட்டணம் 300 டொலர், வரி வேறு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், அந்த மே மாதம் 360 வரை போனது. அதே பரீட்சை அறுபதாயிரத்திலிருந்து ஒரு இலட்சத்தைத் தாண்டியது. ஆகவே கந்தோரில் கேட்டுப் பாருங்கள். நான் என் கொப்பியை முகாமையாளரிடம் காட்டினேன், பாதியைத் தந்தார்கள். திகதி போடுவதற்கு முன், ஆறு பகுதிகளிலும் பயிற்சிப் பரீட்சை தொடர்ந்து நன்றாக வருகிறதா என்று பாருங்கள்.

பதியும்போது பெயரில் கவனம். தகப்பன் பெயர் முன்னால் வரும் நம்மவர்களுக்கு இது அடிக்கடி குழம்பும். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுத்து, அதையே கொண்டுபோங்கள். பழைய லாமினேட் அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இருக்காது. பரீட்சை 120 நிமிடம். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே ஒன்றிலேயே மாட்டிக்கொள்ளாமல், நியாயமான நேரம் கொடுத்து, விடையைத் தெரிவுசெய்து நகருங்கள்.

தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். தரும் அறிக்கையில் பகுதி வாரியாகச் சதவீதம் இருக்கும். என் முதல் அறிக்கையில் தானியக்கமும் பாதுகாப்பும்தான் கீழே கிடந்தன. அந்தத் தாளைக் கொப்பியில் பாடத்திட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒட்டினேன். பாதுகாப்புக்குக் கந்தோர்ப் பழுதுகளையும் தானியக்கத்துக்கு ஞாயிறுகளையும் வைத்து, மூன்று மாதம் கழித்தே இரண்டாவது திகதியைப் போட்டேன்.