தாயகம் திரும்பியோரிடம் வாய்மொழி வரலாறு கேட்பது எப்படி?

இடப்பெயர்வையும் மனித உரிமையையும் பாடமாகப் படிக்கும் கல்லூரி மாணவர்கள், எடுத்துக்காட்டு தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும், 'தாயகம் திரும்பியோர்' என்று அழைக்கப்படும், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் மூன்றாம் தலைமுறையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கின்றன. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று கற்றுக்கொண்டதை, அடுத்துச் செல்வோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

புறப்படும் முன் சட்ட வரலாற்றைத் தெளிவாகப் படித்துவிடுங்கள். பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்வார்கள். அவர்களுக்கு நேர்ந்ததன் சட்டப் பெயரை அவர்களே விளக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுக் குடியுரிமை உண்டு என்கிறது. அதே 1948இல்தான், காப்பித் தோட்டத்துக்கும் பின்பு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழகத்திலிருந்து போனவர்களின் வழிவந்தோரில் மிகப் பெரும்பாலோரை, இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்களை மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். எந்தப் பேச்சுவார்த்தையிலும் அந்த மக்களை அழைத்துக் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கும்.

இவர்களையும் 1983க்குப் பின் போருக்கு அஞ்சிப் படகேறி வந்தவர்களையும் ஒன்றாக்கிப் பேசுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. முன்னவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு, அரசுகள் வகுத்த திட்டப்படி வந்தவர்கள், பின்னவர்கள் ஏதிலிகள், அதாவது அகதிகள். 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றிய குடியிருப்புகளில் இருப்பவர்கள் அந்தப் பின்னவர்களே. ஆனால் முகாம்களில் மலையக வழியினரும் இருக்கிறார்கள் என்பதால், இந்தக் கோட்டை அழுத்தமாக இழுத்துவிடவும் வேண்டாம். எதிரில் இருப்பவர் எந்த ஆண்டில், எந்தத் தாளோடு வந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். "மண்ணை விட்டு வந்தபோது எப்படி இருந்தது?" என்று முதலிலேயே கேட்டால், எதிரில் இருப்பவர் உங்களுக்கு வேண்டிய கண்ணீரைத் தர முயல்வார், அல்லது வாயடைத்துப் போவார். இரண்டுமே அவருக்குச் செய்யும் அநீதி. வேலையிலிருந்து தொடங்குங்கள். அங்கே பிரட்டு (வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டம்) எத்தனை மணிக்கு, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு காம்பிராவில் எத்தனை பேர், கணக்கப்பிள்ளை கொழுந்தை எப்படி எடை போட்டார் என்று கேட்டால், சொல்பவர் தாம் தேர்ந்த தொழிலைப் பற்றிப் பேசும் நிமிர்வோடு பேசுவார். அதன் பிறகு வழியைக் கேளுங்கள்: கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து எங்கே? சிலரை நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு, அவர்கள் வாய்ச்சொல்லில் டான்டீக்கு, அனுப்பினார்கள். சிலரைக் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். கோச்சி, காம்பிரா போன்ற சொற்களை எழுதும்போது ரயில், அறை என்று திருத்திவிடாதீர்கள். அந்த மண்ணிலிருந்து அவர்கள் கொண்டுவர முடிந்தவற்றில் அந்தச் சொற்களும் உண்டு.

பேச்சு ஊன்றிய பிறகு, மனம் இருந்தால் பழைய தாள்களைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்டி, தகரப் பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, பழுத்துப்போன குடும்ப அட்டையை மடியில் விரித்தார். அட்டையில் தம்பியின் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகத் தம்பி பல ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாக நடந்ததை, விரலை அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு அவர் சொன்னார். குடியுரிமை என்பது வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று அன்று என் மாணவர்களுக்குப் புரிந்த அளவுக்கு என் வகுப்பில் ஒருநாளும் புரிந்ததில்லை. தாளைப் படம் எடுக்கும் முன் கட்டாயம் அனுமதி கேளுங்கள்; எண்ணையும் முகவரியையும் மறைத்து எடுங்கள்; எடுத்த படத்தை அங்கேயே அவரிடம் காட்டுங்கள்.

ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். வீட்டில் இளையவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் இந்தக் கதையை முதன்முறையாகக் கேட்பதும் உண்டு. கதை சொல்பவர் வேண்டாம் என்ற இடத்தில் பதிவை நிறுத்திவிட வேண்டும், பிறகு எதையும் நினைவிலிருந்து எழுதிச் சேர்க்கக் கூடாது.

எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. அரங்கில் வாசிப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை மலையேறிப் போய், எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். என் மாணவி ஒருத்தி அந்தப் பாட்டிக்குப் படித்துக் காட்டியபோது, "1973இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது" என்ற வரியில் அவர் கையை உயர்த்தினார். "நான் பொறந்தது அட்டன் பக்கம் தோட்டத்துல, கண்ணு. இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்ல. திரும்பின்னு போடாத" என்றார். அவள் பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, வரியை மறுபடியும் படித்துக் காட்டினாள்.