கோச்சியில் (ரயிலில்) மட்டக்களப்புக்கு: ஊருக்குப் போவோருக்கான குறிப்புகள்

கட்டுநாயக்காவில் இறங்கியதும் வான் பிடித்து இரவோடு இரவாக மட்டக்களப்புக்கு ஓடுவதே வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது. ஓர் இரவு கொழும்பில் தங்கி, மறுநாள் காலை கோட்டை நிலையத்தில் உதயதேவி ரயிலில் ஏறுங்கள். ஊரைக் காணாத பிள்ளைகளை அழைத்து வருவோர் கட்டாயம் இப்படித்தான் வரவேண்டும் என்பேன். ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தூரத்துக்கு எட்டு, ஒன்பது மணித்தியாலம் செல்லும். ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்து, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். சித்திரைப் புத்தாண்டிலும், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் மாமாங்கத் தீர்த்தம் நடைபெறும் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களிலும் இடம் கிடைப்பது அரிது.

கல்ஓயா சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்துவிட, நமது பாதை பொலன்னறுவை வழியாகக் கிழக்கே திரும்புகிறது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். 2007 இல் வீதிக்குத் தனிப்பாலம் திறக்கப்படும் வரை, ரயிலும் பேருந்தும் அந்த ஒரே இரும்புப் பாலத்தில்தான் மாறி மாறிச் சென்றன. கோச்சி கடந்து முடியும்வரை லொறிகளும் வண்டிகளும் இரு கரையிலும் காத்து நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறகு புணானைக் காடு, வாழைச்சேனை, பாசிக்குடாவுக்கு இறங்கவேண்டிய கல்குடா, ஏறாவூர்.

திரும்பும் பயணத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. யானைகள் நடமாடும் அந்தக் காட்டுப்பகுதியில் இரவில் ரயில் மெதுவாகச் செல்வதே நியாயம். ஆகவே இரவு ரயிலை நம்பி மறுநாள் காலையே விமானம் ஏறத் திட்டமிடாதீர்கள்.

தண்டவாளம் மட்டக்களப்பிலேயே முடிந்துவிடுகிறது. பழைய நகரமும் ஒல்லாந்தர் கோட்டையும் இருக்கும் புளியந்தீவுக்குள் ரயில் போகாது. நிலையத்திலிருந்து ஓட்டோவில் பாலம் கடந்து செல்லவேண்டும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போவோருக்குப் பேருந்துதான் வழி. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களுக்குப் போவோர், முன்பு 'பாதை' என்னும் மிதவையில் வாவியைக் கடந்த மண்முனையில் 2014 முதல் பாலம் இருப்பதால், வாகனத்திலேயே போய்விடலாம். ஆனால் உள்ளூர்ப் பேருந்துகள் மாலையோடு குறைந்துவிடும். ஏறாவூரைத் தாண்டியதும் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துவிடுங்கள். நீங்கள் பெட்டிகளை இறக்குவதற்குள் யாராவது நிலையத்துக்கு வந்து நிற்பார்கள்.