பாட்டியின் பவுன் காசை எப்படிப் படிப்பது?

காரிமங்கலத்தில் பாட்டியின் பெட்டியைத் திறந்த அன்று மஞ்சள் துணியில் முடிந்திருந்த மூன்று பவுன் காசுகள் கிடைத்தன. சித்தி உடனே புளி கரைக்கக் கிளம்பிவிட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியதுதான் அன்று நான் செய்த உருப்படியான வேலை. இந்த விளக்கத்தின் முதல் படியும் அதுவே.

1. தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்த காசு பளபளக்கும். ஆனால் நுண்ணிய கீறல் விழுந்ததும் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிடிக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

2. எடையும் அகலமும். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் சாவரின் காசுகள். 'சவரன்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். முழுக் காசு 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர். அரைக் காசு 3.99 கிராம், 19 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நாம் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்று கணக்கிடுகிறோம். காசு அதைவிட இம்மியளவு குறைவு. அந்தக் குறையைப் பார்த்து யாரும் உங்களை மிரட்ட விடாதீர்கள்.

3. தலையைப் பாருங்கள். சாவரின் காசில் மதிப்பு எழுதியிருக்காது. தேடிக் களைக்க வேண்டாம். விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பார். இளமுகம் என்றால் 1887 வரை, சிறு கிரீடம் என்றால் 1887 முதல் 1893 வரை, முக்காடிட்ட முதிய முகம் என்றால் 1893 முதல் 1901 வரை. வலப்பக்கம் பார்க்கும் தாடிக்காரர் ஏழாம் எட்வர்டு. மீண்டும் இடப்பக்கம் திரும்பியவர் ஐந்தாம் ஜார்ஜ்.

4. குதிரையின் காலடி. இதுதான் சுவையான இடம். பின்பக்கத்தில் குதிரைமேல் ஒருவர் பாம்பு போன்ற ஒரு மிருகத்தைக் கொல்வார். எங்கள் தெருவில் சிலர் அவரை முனியப்பன் என்றே நம்பியிருந்தார்கள்! அவர் புனித ஜார்ஜ்; அந்த உருவத்தைச் செதுக்கியவர் பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர். குதிரையின் காலுக்கும் ஆண்டுக்கும் நடுவே உள்ள தரைக்கோட்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே உள்ள சிறு ஆங்கில எழுத்து காசு எங்கே அடிக்கப்பட்டது என்று சொல்லும். எழுத்து இல்லையென்றால் லண்டன். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், சி கனடா, எஸ்.ஏ. தென்னாப்பிரிக்கா. ஐ என்றால் நம் பம்பாய். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918 என்ற ஒரே ஆண்டில், அங்கே இந்தக் காசு அடிக்கப்பட்டது. இளமுக விக்டோரியா காசில் மட்டும் இந்த எழுத்தைக் கழுத்தின் கீழே தேடுங்கள். பின்பக்கம் குதிரைக்குப் பதில் கேடயம் இருந்தால், அதற்குக் கீழே பாருங்கள்.

கிரீடம் சூடிய ஐந்தாம் ஜார்ஜும் '15 ரூபாய்' என்ற எழுத்தும் இருந்தால் அதுவும் 1918 பம்பாய்க் காசுதான். அதே எடை, அதே மாற்று, அதாவது அதே தங்கத் தூய்மை.

துவரம்பருப்பு அளவில், கால் கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள காசு என்றால் அது பழைய 'பணம்'. 1792 வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய இந்தப் பாராமகால் சீமை ஹைதர், திப்பு கையில் இருந்தது. ஹைதர் பெயரின் முதல் எழுத்தைப் பாரசீக வடிவில் பொறித்த பணங்கள் உண்டு. இதை உருக்கக் கொடுப்பது பாவம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

5. மாற்று. பழைய காசில் 916 முத்திரையோ ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்.யு.ஐ.டி. குறியீடோ இருக்காது. அது குறையல்ல, அந்தக் குறியீடே 2021-இல் வந்ததுதான். சாவரின் 22 காரட். வீட்டில் ஒரு சோதனை: 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து எடையைச் சுழியமாக்குங்கள். நூலில் கட்டிய காசை அடியில் படாமல் நீரில் தொங்கவிடுங்கள். முழுக் காசுக்கு 0.45 அல்லது 0.46 கிராம் காட்ட வேண்டும். அதே எடையுள்ள பித்தளை என்றால் 0.9-ஐத் தாண்டிவிடும். பிறகு கடையில் தங்கத்தின் தூய்மையைக் காட்டும் காரட் மீட்டரில் வைத்துப் பாருங்கள். ஆனால் போலிக் காசுகளிலும் நல்ல தங்கத்தில் அடித்தவை உண்டு. தங்கம் சரி என்பதால் காசும் அசல் என்று ஆகிவிடாது.

6. கணக்கு. அன்றைய ஆபரணத் தங்கத்தின் கிராம் விலையை எடையால் பெருக்குங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் 7.98 கிராமுக்கு 79,800 ரூபாய். அதற்குக் கீழே போவது கடைக்காரரின் கழிவு; மேலே போவது சேகரிப்பு மதிப்பு. ஐ எழுத்துக் காசுக்குக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கலாம். வீடு கட்டும் அளவுக்கு அல்ல. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பு மதிப்பு பெரிதாகக் கிடைக்காது. வளையத்தின் எடையும் பற்றவைத்த பொடியின் எடையும் கழிந்து தங்க விலை மட்டும்தான். நான் போன முதல் கடையில் மூன்றையும் ஒன்றாகத் தராசில் கொட்டி ஒரே விலை சொன்னார்கள். எழுத்தைக் காட்டிய பிறகே ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார்கள். குறைந்தது மூன்று கடைகளில் கேளுங்கள்.

நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல 1972 தொல்பொருள் சட்டம் இடம் தராது. நிலத்தில் உழும்போது கிடைத்த காசு என்றால் அது பாட்டி சொத்துக் கணக்கில் வராது. 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் மூன்றில் ஒன்று பெர்த், ஒன்று லண்டன். வளையம் வைத்த மூன்றாவதைச் சித்தி கேட்டார், கொடுத்துவிட்டோம். அதை அவர் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.