ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயினா? டர்பன் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஈஸ்டர் விடுமுறைக்கு மச்சான் ஒரு புட்டியோடு வந்தார். கேபர்னே சோவின்யோன் என்ற கனமான சிவப்பு ஒயின், 14.5 சதவீத ஆல்கஹால், விலை 300 ராண்டுக்கு மேல். வீட்டில் செய்திருந்தது உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறி. மேலே எண்ணெய் சிவப்பாக மிதக்கும், தென்னாப்பிரிக்காவின் நம் டர்பன் நகரத்துக் கறி. ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின். அவ்வளவுதான், மேசையைச் சுற்றி எல்லோரும் தண்ணீருக்குக் கை நீட்டினார்கள். "கறியில் மிளகாய் கூடிவிட்டது அக்கா" என்று மச்சான் சொல்லிவிட்டார். சமைத்தவள் அன்று இரவு அவருக்கு இரண்டாவது ரோட்டி வைக்கவில்லை.

மிளகாய் எப்போதும் போடும் அளவுதான். தவறு புட்டியைத் தேர்ந்ததில்.

ஆட்டுக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்ற விதி உப்பும் மிளகும் தூவி இறைச்சியைச் சுடும் ஐரோப்பிய அடுப்பங்கரையில் பிறந்தது. அங்கே தட்டில் முன்னால் நிற்பது இறைச்சியின் சுவை. நம் தட்டில் முன்னால் நிற்பது குழம்பு. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கூம்பு கூம்பாகக் குவித்திருக்கும் மசாலாவில் எதை வாங்கினீர்கள், எத்தனை கரண்டி போட்டீர்கள் என்பதைப் பொறுத்தே ஒயின் அமைய வேண்டும். அதே கறிக்குக் கோழி போட்டாலும் பதில் மாறாது.

கனமான சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு நிறைய. மிளகாயைக் கடித்துவிட்டுத் தவிக்கும் குழந்தைக்குப் பாக்கைக் கொடுப்பார் உண்டா? வெல்லமோ தயிரோ கொடுப்போம். எரிகிற நாக்கில் துவர்ப்பு இன்னும் கரடாகத் தெரியும். அதற்கு மேல் ஆல்கஹால். மிளகாய் எந்த நரம்புகளைத் தூண்டி எரிச்சலை உண்டாக்குகிறதோ, அதே நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. ஆகவே லேபிளில் நான் முதலில் தேடுவது பண்ணையின் பெயரை அல்ல, சதவீதத்தை. காரக் கறிக்கு 12, 12.5 போதும். 14ஐத் தாண்டினால் அது சுட்ட இறைச்சிக்கு உரியது. பிராய் போடும் நாளுக்கு, அதாவது தணலில் இறைச்சி சுடும் நாளுக்கு, எடுத்து வையுங்கள்.

அப்படியானால் எது? என் பதில் பல ஆண்டுகளாக ஒன்றே: சற்றே இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். தென்னாப்பிரிக்காவில் மற்றெந்தத் திராட்சையையும் விட அதிகமாகப் பயிராவது இதுதான். பழைய ஆட்கள் இதை ஸ்டீன் என்பார்கள். ஏராளமாக விளைவதால் மலிவாகவும் கிடைக்கிறது. இனிப்பு எரிச்சலைத் தணிக்கும், கூடவே இருக்கும் புளிப்பு எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். ஆனால் இங்கேதான் நம்மவர்களின் கௌரவம் குறுக்கே வருகிறது. இனிப்பு ஒயின் என்றால் விவரம் தெரியாதவர் குடிப்பது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்; கடையில் 'செமி ஸ்வீட்' என்ற எழுத்தைக் கண்டதும் கை பின்வாங்குகிறது. மாங்காய் ஊறுகாயில் சர்க்கரை சேர்க்கிறோம், புளிக்குழம்பில் வெல்லம் போடுகிறோம், ஒயினில் மட்டும் இனிப்பு இழுக்காம். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் கெவூர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் கிடைத்தால் பிரியாணிக்கு வாங்கிப் பாருங்கள். ஏலக்காயும் பட்டையும் போட்ட, மசூர் பருப்பு சேர்ந்த நம் ஊர்ப் பிரியாணிக்கு அது நன்றாகப் பொருந்தும்.

பெரிய வெள்ளிக்கிழமை புளி ஊற்றிய மீன்கறிக்கு வேறு கணக்கு. புளிப்பான உணவோடு புளிப்புக் குறைந்த ஒயினைக் குடித்தால் ஒயின் சப்பென்று தண்ணீராகிவிடும். குழம்புக்கு ஈடு கொடுக்கும் புளிப்பு வேண்டும். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் அதைத் தரும். சிவப்பை எடுத்தால் மீனெண்ணெயோடு சேர்ந்து வாயில் இரும்பை நக்கிய சுவை வரும். ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயினும் வேண்டாம். அந்த வெண்ணெய்ச் சுவை தக்காளியோடும் புளியோடும் சண்டை பிடிக்கும். பீப்பாய்க்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம். பீப்பாயில் வைக்காதது என்று பொருள்படும் 'அன்வுடட்' என்று எழுதியதை எடுத்தால் பணமும் மிச்சம், மீனும் பிழைக்கும்.

நுரைக்கும் ஒயினைப் பற்றி ஒரு வரி. வடைக்கும் சமோசாவுக்கும் அது அருமை, காரக் கறிக்கு ஆகாது. அந்தக் குமிழிகள் எரிகிற நாக்கை மேலும் குத்தும்.

சிவப்பு இல்லாமல் சிலருக்குச் சாப்பாடு இறங்காது என்பதும் தெரியும். அவர்களுக்குத் துவர்ப்புக் குறைந்த சின்சோ இருக்கிறது. 1925இல் ஸ்டெல்லன்போஷில் பேராசிரியர் பெரோல்ட், இந்தச் சின்சோ திராட்சையையும் பினோ நுவார் என்ற இன்னொரு சிவப்புத் திராட்சையையும் கலப்பினம் செய்து உருவாக்கியதுதான் பினோடாஜ். அதிலும் பீப்பாய் வாசனை ஏறாத இளசான ஒன்றைத் தேர்ந்தால் சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பீன்ஸ் போட்ட கறிக்கு ஒத்துப்போகும்.

எதை வாங்கினாலும் டர்பன் வெயிலை மறந்துவிடாதீர்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்று எழுதியவர்களின் அறை குளிர்ந்த கல்வீடு. ஜனவரியில் நம் சமையலறை 30 பாகையில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

விலையைப் பொறுத்தவரை என் வரம்பு 100 ராண்டு. லேபிளில் சின்ன ஊரின் பெயருக்குப் பதிலாக வெறும் 'வெஸ்டர்ன் கேப்' என்று இருந்தால், பல இடத்துத் திராட்சை கலந்திருக்கலாம் என்று பொருள். காரக் கறியின் முன்னால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் நாக்கு எனக்கில்லை. அட்டைப்பெட்டி ஒயினையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். திறந்த புட்டி ஃபிரிட்ஜிலேயே மூன்று நான்கு நாளில் சோர்ந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் பையில் காற்றுப் புகாததால் அது நான்கு வாரம் வரை தாங்கும். வார நாளில் ஒரு கிளாஸ் மட்டும் குடிக்கும் வீட்டுக்கு அதுவே லாபம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: புரட்டாசி பிறப்பதற்கு முந்திய வாரம் பெட்டியைத் திறக்காதீர்கள். போன ஆண்டு நான் திறந்தேன். மாதம் முழுக்க ஃபிரிட்ஜில் மோருக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. விரதம் முடிந்து ஆட்டுக்கறி அடுப்பேறிய அன்று ஊற்றிப் பார்த்தால் காடி வாசனை.