எண்ணெய் வடியுற முகத்துக்கும் பரு வர்ற முகத்துக்கும் சன்ஸ்க்ரீன், மாய்ஸ்சரைசர் பாத்து வாங்குறது எப்படி

காலைல சோப்பு போட்டு கழுவுன முகம் 11 மணிக்கெல்லாம் பளபளன்னு எண்ணெய் வடியுது, இதுக்கு மேல மாய்ஸ்சரைசர் வேற போடணுமான்னு தான் நிறைய பேரு கேக்குறாங்க. போடணும். தோல்ல இருந்து சுரக்குற எண்ணெய் வேற, தோலுக்குள்ள நிக்க வேண்டிய தண்ணி வேற. மேல எண்ணெய் வடிஞ்சுக்கிட்டே இருந்தாலும் உள்ள தண்ணி கம்மியா இருக்கலாம், அப்போ தான் முகம் கழுவுனதும் இழுத்து பிடிக்கும், மூக்கு ஓரத்துல செதில் செதிலா வரும், ஆனா கொஞ்ச நேரத்துல திரும்பவும் எண்ணெய் வந்துரும். எண்ணெய் சுரக்குறது பெரும்பாலும் ஹார்மோன், பரம்பரை சம்பந்தப்பட்ட விஷயம், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை ஃபேஸ்வாஷ் போட்டு தேச்சு அதை நிறுத்த முடியாது. தோலோட மேல் அடுக்கு தான் கெட்டுப்போகும், அப்புறம் எதைப் போட்டாலும் எரியும். காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நல்லா வேர்த்துட்டு வந்தா இன்னொரு தடவை, அவ்வளவு போதும்.

பருவுக்கு மருந்து போடுறவங்களுக்கு மாய்ஸ்சரைசர் இன்னும் முக்கியம். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, ட்ரெட்டினாயின் எல்லாமே முதல் சில வாரம் முகத்தை வறட்டி எடுக்கும், உரியும், செவக்கும். இந்த இடத்துல தான் பாதி பேரு மருந்து ஒத்துக்கலைன்னு நிறுத்திடுறாங்க, ஆனா ஒரு நல்ல மாய்ஸ்சரைசரை முதல்ல போட்டு, அது காஞ்சதும் மருந்து, அதுக்கு மேல திரும்ப கொஞ்சம் மாய்ஸ்சரைசர்னு போட்டிருந்தா அந்த எரிச்சல் தாங்குற அளவுல இருந்திருக்கும், மருந்தும் வேலை செய்ய நேரம் கெடைச்சிருக்கும். பரு மருந்து ரெண்டு மூணு மாசம் விடாம போட்டா தான் பலன் தெரியும், அதுவரைக்கும் தோலை தாங்க வெக்கிறது மாய்ஸ்சரைசரோட வேலை.

சரி, எதை வாங்குறது. ஜெல் அல்லது ஜெல் க்ரீம்னு போட்டதை எடுங்க, இல்லைன்னா தண்ணியா இருக்குற லோஷன். டப்பால வர்ற கெட்டி க்ரீம் நம்ம ஊரு புழுக்கத்துல உக்காந்தே இருக்கும். டப்பாவோட முன் பக்கத்தை விட்டுட்டு பின்னாடி திருப்பி பாருங்க. அங்க இருக்குற பட்டியல்ல எது அதிகமா இருக்கோ அது முதல்ல வரும், கடைசில வர்றதெல்லாம் துளி துளியா தான் இருக்கும். முதல் அஞ்சாறு பேருக்குள்ள கிளிசரின் இருந்தா நல்லது, விலை கம்மி, வேலை பக்கா. தண்ணிய பிடிச்சு வெக்கிற ஹைலூரானிக் ஆசிட் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் குடி முழுகிப் போகாது. செராமைடு, அதாவது தோலோட மேல் அடுக்குல இயல்பாவே இருக்குற கொழுப்பு, இருந்தா மருந்து போடுறவங்களுக்கு ரொம்ப உதவி. நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) இருந்தா எண்ணெய் பளபளப்பும் பரு போன அப்புறம் நிக்கிற கருமையும் கொஞ்சம் கொஞ்சமா குறையும், 2லிருந்து 5 சதவீதம் போதும், 10 சதவீதம்னு விக்கிறது சிலருக்கு செவந்து அரிக்கும். டைமெத்திகோன் இருந்தா பயப்படாதீங்க, அது சிலிக்கோன், துவாரத்தை அடைக்கும்னு சொல்றதுல உண்மை இல்லை.

தவிர்க்க வேண்டியது தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், கெட்டியான பாடி லோஷன், அப்புறம் வீட்டுல எல்லாருக்கும் பொதுவா இருக்குற குளிர்கால கோல்டு க்ரீம். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் நல்லது தான், பரு வர்ற முகத்துக்கு ஆகாது, பாட்டி சொன்னாலும் ஆகாது. ஆல்கஹால்னு பாத்ததும் எல்லாத்தையும் தூக்கி போட வேணாம், சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் எல்லாம் தோலை மென்மையாக்குற சாமான், வறட்டுறது வெறும் ஆல்கஹால் அல்லது ஆல்கஹால் டீநேச்சர்டுன்னு பட்டியல்ல முன்னாடியே வர்றது. சென்ட் வாசனை தூக்கலா இருக்குறதை, அதுவும் ஏற்கனவே எரியுற முகத்துக்கு, வாங்காதீங்க.

"நான்-காமெடோஜெனிக்"னு, அதாவது தோல் துவாரத்தை அடைக்காதுன்னு, போட்டிருந்தா நம்பலாமான்னு கேட்டா, பாதி நம்பலாம். அந்த வார்த்தைக்குன்னு சட்டப்படி ஒரு கட்டாய டெஸ்ட் கெடையாது. எந்த பொருள் துவாரத்தை அடைக்கும்னு இன்டர்நெட்ல சுத்துற 0லிருந்து 5 வரைக்கும் மார்க் போட்ட பட்டியல்ல நிறைய விஷயம் பழைய காலத்துல முயல் காதுல தடவி பாத்தது, முயல் காது மனுஷ முகத்தை விட சீக்கிரம் அடைச்சுக்கும். அதனால பட்டியலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பொருளா பாத்து பயந்து ஒண்ணுமே வாங்காம இருக்காதீங்க. அந்த வார்த்தை இருந்தா ஒரு பிளஸ்னு எடுத்துக்கோங்க, தீர்ப்பு உங்க முகம் தான் சொல்லணும்.

இப்போ சன்ஸ்க்ரீன். பரு இருக்குறவங்க இதை அழகு சாதனம்னு நெனச்சு ஒதுக்குறது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு, ஏன்னா நம்ம மாதிரி மாநிறம், கருப்பு நிறத் தோல்ல பரு ஒரு வாரத்துல போயிரும், அது விட்டுட்டுப் போற கரும்புள்ளி மாசக்கணக்குல நிக்கும், அந்த புள்ளிய இன்னும் கருப்பாக்கி போகவிடாம வெக்கிறது வெயில். ஆயிரக்கணக்குல காசு கொடுத்து சீரம் வாங்கி ராத்திரி தடவிட்டு காலைல வெறும் முகத்தோட வண்டியில போனா அந்த சீரம் செஞ்சதை வெயில் கலைச்சிரும். கருப்பா இருக்குறவங்களுக்கு சன்ஸ்க்ரீன் தேவை இல்லைன்னு சொல்றதும் தப்பு, தோலுக்கு நிறம் கொடுக்குற மெலனின் கொஞ்சம் காப்பாத்தும், தோல் வெந்து செவக்குறது கம்மியா இருக்கும், ஆனா கருமை படியுறது நமக்குத்தான் அதிகம். இதுல இன்னொண்ணு, பரு மருந்துல டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வெயில் பட்டா சாதாரணத்தை விட சீக்கிரம் தோல் வெந்துரும், அடாபலீன், ட்ரெட்டினாயின் மாதிரி ரெட்டினாய்டு போடுறவங்களுக்கும் வெயில் தாங்காது, அவங்க சன்ஸ்க்ரீன் இல்லாம வெளிய போகவே கூடாது.

நம்பர் விஷயம் ரொம்ப குழப்புவாங்க, ஆனா சிம்பிள் தான். எஸ்பிஎஃப் தோலை சுடுற யூவிபி கதிருக்கு. எஸ்பிஎஃப் 15 சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. அதனால 50க்கு மேல 70, 100னு கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம்ம ஆளுங்க கவனிக்காம விடுறது பிஏ. அது யூவிஏ கதிருக்கு, தோலை கருக்க வெக்கிறதுலயும் வயசான மாதிரி ஆக்குறதுலயும் பெரிய பங்கு அதுக்கு தான். ஜப்பான்ல ஆரம்பிச்ச கணக்கு இது, பிளஸ் எத்தனை இருக்கோ அவ்வளவு பாதுகாப்பு, அதிகபட்சம் நாலு பிளஸ். குறைஞ்சது பிஏ+++ இருக்கணும், ++++ கெடைச்சா எடுங்க. யூவிஏ மேகத்தையும் தாண்டி வரும், கண்ணாடியையும் தாண்டி வரும், ஆடி மாச மேகமூட்டத்துலயும் பஸ் ஜன்னல் ஓரத்துலயும் முகத்துல விழும். கத்திரி வெயிலுக்கு மட்டும் போட்டுக்கலாம்னு நெனச்சா புள்ளி போகாது.

டப்பால போட்டிருக்குற இந்த எஸ்பிஎஃப் எல்லாம் எவ்வளவு தடவுனா வரும் தெரியுமா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். அதாவது ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் முழு நீளத்துக்கு ரெண்டு கோடு பிழிஞ்சா வர்ற அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து. பட்டாணி அளவு தொட்டு தடவுனா 50 எஸ்பிஎஃப் வாங்குனவருக்கு அதுல கால்வாசி கூட கெடைக்காம போகலாம். நான் சன்ஸ்க்ரீன் தேர்ந்தெடுக்குறதுல முதல் கேள்வியா இதைத்தான் வெப்பேன்: இதை ரெண்டு விரல் அளவு முழுசா பூசிட்டு என்னால நாள் முழுக்க இருக்க முடியுமா. பிசுபிசுன்னு இருந்தா, திட்டுத் திட்டா வெள்ளையா நின்னா, கண்ணு எரிஞ்சா, நீங்க தானா அளவைக் குறைச்சுருவீங்க, அப்புறம் எவ்வளவு பெரிய நம்பர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. விலையும் இதே கணக்குல பாருங்க. ரெண்டு விரல் அளவுன்னா ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்கு கொஞ்சம் மேல, 50 கிராம் டியூப் தினம் ஒரு தடவை போட்டாலே ஒன்றரை மாசம் கூட வராது. அதனால 1200 ரூபா டியூப் வாங்கி சிக்கனமா தொட்டு வெக்கிறதை விட 400 ரூபா டியூப் வாங்கி தாராளமா பூசுறது நூறு மடங்கு மேல்.

வகை பாத்தா, ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் இருக்குறதை மினரல் சன்ஸ்க்ரீன்னு சொல்வாங்க. தோலை உறுத்தாது, ரொம்ப சென்சிட்டிவ் முகத்துக்கு, மருந்து போட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்குற முகத்துக்கு நல்லது, ஆனா நம்ம நிறத்துக்கு சாம்பல் பூத்த மாதிரி தெரியும். கெமிக்கல் வகைல அவோபென்சோன், ஆக்டோகிரைலீன் மாதிரி பேரு இருக்கும், கொஞ்சம் புதுசுல டினோசார்ப், யூவினுல் இருக்கும், இதெல்லாம் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கும், வெள்ளை தெரியாது, எண்ணெய் முகத்துக்கு பெரும்பாலும் இது தான் செட் ஆகும். கெமிக்கல்னு பேரு இருக்குறதால பயப்படாதீங்க, பேரு தான் அப்படி. இதுல சிலதுக்கு வேர்வையோட வழிஞ்சு கண்ணு எரியும், அப்படி இருந்தா கண்ணை சுத்தி மட்டும் மினரல் போட்டுட்டு மத்த இடத்துக்கு இதைப் போடலாம். கரும்புள்ளி ரொம்ப இருக்குறவங்களுக்கு கலர் கலந்த டின்ட்டட் சன்ஸ்க்ரீன் யோசிக்கலாம், அதுல இருக்குற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்தையும் தடுக்கும், கருப்பு தோல்ல அந்த வெளிச்சமும் புள்ளிய கருக்க வெக்கும். உங்க நிறத்துக்கு ஒத்துப்போற ஷேடு கெடைக்கிறது தான் கஷ்டம்.

ஜெல், ஃப்ளூயிட், மேட் ஃபினிஷ்னு போட்டதை கடையில டெஸ்டர் இருந்தா தாடை ஓரத்துல தடவி வெளிய வெளிச்சத்துல போய் பாருங்க, கடை லைட்டுல எல்லாம் நல்லாத்தான் தெரியும். சின்ன டியூபா வாங்குங்க. புதுசா வாங்குனதை முதல் மூணு நாலு நாள் காதுக்கு கீழ, தாடை ஓரத்துல மட்டும் போட்டு பாருங்க, அரிப்பு சிவப்பு இல்லைன்னா முகம் பூரா போடலாம். சன்ஸ்க்ரீன், மாய்ஸ்சரைசர், ஃபேஸ்வாஷ் மூணையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, பரு வந்தா எதால வந்ததுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஒண்ணு மாத்துனா ரெண்டு மூணு வாரம் விட்டு அடுத்தது.

காலைல முகம் கழுவிட்டு மாய்ஸ்சரைசர், அது உள்ள போனதும் சன்ஸ்க்ரீன், கால் மணி நேரம் கழிச்சு வெளிய கெளம்புங்க. ரெண்டும் சேந்து கனமா தெரிஞ்சா, சன்ஸ்க்ரீனே ஈரப்பதமா இருந்தா காலைல மாய்ஸ்சரைசரை விட்டுடலாம், ராத்திரி மட்டும் போட்டுக்கோங்க. இது சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர புழுக்கத்துல இருக்குறவங்களுக்கு நல்லா ஒத்து வரும். ஊட்டி, கொடைக்கானல்ல இருக்குறவங்க, நாள் பூரா ஏசில உக்காருறவங்க ரெண்டும் போடுங்க. மேக்கப்ல எஸ்பிஎஃப் இருக்கு, அது போதும்னு விட்டுடாதீங்க, அந்த அளவு பவுடரை யாரும் பூச மாட்டாங்க.

வெளிய வெயில்ல இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப போடணும்ங்கிறது விதி. டெலிவரி, மார்க்கெட்டிங், கட்டட வேலைன்னு அலையுறவங்க இதை கடைப்பிடிங்க, வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டதை வாங்குங்க. ஆபீஸ்ல உள்ளயே இருக்குறவங்க காலைல போட்டு, மத்தியானம் சாப்பிட வெளிய போறப்போ ஒரு தடவை போட்டா நடைமுறைக்கு போதும். போடுறதுக்கு முன்னாடி டிஷ்யூவ வெச்சு எண்ணெயை ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. தொப்பி, குடை, துப்பட்டா எல்லாம் சேந்தா தான் முழு பாதுகாப்பு, ஆனா துப்பட்டாவையும் ஹெல்மெட் உள் துணியையும் துவைங்க, அழுக்கும் வேர்வையும் உரசி நெத்தில, தாடைல பரு வரும். டியூபை வண்டி டிக்கியில வெக்காதீங்க, அந்த சூட்டுல கெட்டுப்போகும். ராத்திரி சன்ஸ்க்ரீனை ஃபேஸ்வாஷ் போட்டு நல்லா கழுவிட்டு தான் படுக்கணும், வாட்டர் ரெசிஸ்டன்ட்னா முதல்ல மைசெல்லார் வாட்டர்ல (மேக்கப் துடைக்கிற தண்ணி) தொடச்சிட்டு கழுவுங்க.

நெத்தி ஓரம் பூரா ஒரே சைஸ்ல குட்டி குட்டியா, அரிப்போட வருதுன்னா அது சாதாரண பரு இல்லாம மலசேசியான்னு ஒரு ஈஸ்ட் பூஞ்சையால வர்றதா இருக்கலாம், எந்த மாய்ஸ்சரைசர் மாத்துனாலும் போகாது, டாக்டர் பாக்கணும். தலைக்கு வெக்கிற எண்ணெய் நெத்திக்கு இறங்குறதாலயும் பரு வரும், ராத்திரி எண்ணெய் வெச்சுட்டு படுக்குறதை நிறுத்தி பாருங்க.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சி கேக்குறேன். மெடிக்கல்ல போய் முகத்துக்கு ஒரு க்ரீம் கொடுங்கன்னு கேட்டு வாங்காதீங்க. பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால்னு பின்னாடி பேரு இருந்தா அது ஸ்டீராய்டு. ஒரே வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆகும், விட்டா செவந்து பரு வெடிச்சு கெளம்பும், தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரியும், அதுக்கு அப்புறம் சன்ஸ்க்ரீன் கூட எரியும். இப்படி கெட்டுப்போன முகத்தோட வர்றவங்களை தோல் டாக்டர்கள் தினமும் பாக்குறாங்க. ஏற்கனவே மாசக்கணக்குல போட்டுக்கிட்டு இருந்தா நீங்களா திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட காட்டி குறைங்க. கட்டி கட்டியா வலிக்கிற பரு, குழி விழற பரு இருக்குறவங்களும் சன்ஸ்க்ரீன், மாய்ஸ்சரைசரோட நிக்காம சீக்கிரம் போங்க, குழி விழுந்துட்டா எடுக்குறது கஷ்டம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் தோல் பிரிவு ஓபி இருக்கு, காசு வாங்க மாட்டாங்க. கர்ப்பமா இருந்தாலோ, குழந்தைக்கு பிளான் பண்ணிக்கிட்டு இருந்தாலோ டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அதை சொல்லிடுங்க, பருவுக்கு கொடுக்குற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அப்போ எடுக்கவே கூடாது, அடாபலீன், ட்ரெட்டினாயின் தடவுறதும் வேணாம். ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீனும் சாதாரண கிளிசரின் மாய்ஸ்சரைசரும் தாராளமா போடலாம்.