ஊழிய அழைப்பு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தின் பந்தலில் கடைசி நாள் இரவு, மிஷனரி ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கும்படி சொன்னால், நம் திருநெல்வேலிச் சீமையில் இன்றும் இளைஞர்கள் எழுந்து நிற்கிறார்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் அந்த இரவுக்கும் பணித்தளத்துக்கும் நடுவே நடக்க வேண்டியவை நடக்காததால், நல்ல பிள்ளைகள் மனம் உடைந்து ஊர் திரும்புவதையும் காண்கிறோம். அது வேதனையாக இருக்கிறது.

எழுந்து நின்ற அந்த நொடியையே முழு அழைப்பாக எண்ணிவிடுவதுதான் முதல் தவறு. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிப் பணி செய்வதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல் அதன் பணித்தளமாயிற்று. பிறரை அனுப்பிய அவர், தாமே அங்கு போனது 1909இல் குருப்பட்டம் பெற்ற பிறகுதான். நடுவில் இருந்த ஆண்டுகளில் சங்கத்தின் வேலையைச் சுமந்தார், ஜெபித்தார், அந்தப் பாரம் தம்மையே அழைக்கும்வரை அதோடு இருந்தார். ஒரே இரவில் பையைக் கட்டச் சொல்லும் குரலை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். அழைப்பு உண்மையானால் அடுத்த ஆண்டும் அது உங்களை விடாது.

சபையைத் தாண்டிப் போவது இரண்டாவது தவறு. பவுலையும் பர்னபாவையும் அந்தியோகியா சபைதான் உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. சேகரத்தின், அதாவது உங்கள் வட்டாரச் சபைகளின், குருவானவரும் ஊர்ச் சபையின் உபதேசியாரும் "கொஞ்சம் பொறுங்கள் தம்பி" என்றால், ஆவியை அவித்துப்போடுகிறார்கள், பரிசுத்த ஆவியின் ஏவுதலைத் தடுக்கிறார்கள் என்று கோபிக்கக் கூடாது. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்க நேரமில்லாதவர், பக்கத்துத் தெருவில் தனித்திருக்கும் முதியவரை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர், ஒடிசாவின் மலைக் கிராமத்தில் திடீரென்று ஊழியக்காரர் ஆகிவிட மாட்டார். அதை அவர்கள் அறிவார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை நோயில் கிடந்தபோது "பிழைத்தால் உம்முடைய ஊழியத்துக்குத் தருகிறேன்" என்று பொருத்தனை செய்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அந்தக் கண்ணீர் ஜெபம் விலையேறப்பெற்றது. ஆனாலும் பிள்ளையின் சம்மதம் பிள்ளையின் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேலை கிடைக்காத மகனை "ஊழியத்துக்காவது போ" என்று அனுப்புவதோ ஊழியத்தையே அவமதிப்பதாகும்.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மொழி. ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1814இல் தமிழ்நாடு வந்தார், பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அதற்குள் தமிழைப் புலவரிடம் முறையாகக் கற்றிருந்தார். அதனால்தான் இங்குள்ள மக்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். வடக்கே போகும் நம்மவர்களில் சிலர், கொஞ்சம் இந்தி வந்ததும் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்டோ மக்கள் வீட்டுக்குள் பேசுவது இந்தி அல்ல, மால்டோ. அது திராவிட மொழி, நமக்குத் தூரத்துச் சொந்தம். இடையன்குடியில் இருந்துகொண்டே கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதற்கு இடம் கொடுத்தார். ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி எந்த மொழியில் அழுவாளோ, அந்த மொழி வரும்வரை நீங்கள் அங்கு விருந்தாளிதான். முதல் இரண்டு ஆண்டுகளை மொழிக்கே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

போகிற இடத்து மக்களை இருளில் கிடப்பவர்களாக மட்டும் பார்ப்பதும் பெரிய குற்றம். அவர்களுக்கும் பாட்டு உண்டு, வைத்தியம் உண்டு, மானம் உண்டு. முதலில் கற்றுக்கொள்ளப் போங்கள்.

"இந்த ஊர், இந்த வேலை, வேறில்லை" என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேலை நினைக்கலாம். அவர் முதலில் போனது ஜப்பானுக்கு. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. 1895இல் இந்தியா வந்து, நம் கிராமங்களில் பெண்களோடு நடந்து நற்செய்தி சொன்னார். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து டோனாவூரின் பிள்ளைகள் இல்லம் வளர்ந்தது. அவர் திட்டமிட்டு வந்த வேலை அதுவல்ல. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி தொடங்கியவர்களும் மிஷனரிகளே. மேடைப் பிரசங்கம் வராது என்பதற்காக உங்களுக்கு அழைப்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நர்ஸும் கணக்கரும் ஆசிரியரும் பணித்தளத்தில் எப்போதும் தேவை.

கடைசியாக, வீட்டுக் கணக்கு. கல்விக் கடனோ தங்கையின் திருமணக் கடனோ இருந்தால், மிஷனரிக்குக் கிடைக்கும் படித்தொகையில் வட்டி கட்ட முடியாது. அடைத்துவிட்டு விண்ணப்பியுங்கள், அல்லது கடன் இருப்பதை உங்களை அனுப்பும் மிஷனரி சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மணமானவர்கள் நேர்காணலுக்குப் போகும்போது மனைவியிடமும் தனியாகப் பேசும்படி கேளுங்கள். கணவரின் அழைப்புக்கு அவர் தலையாட்டியிருக்கிறாரா, தமக்கும் அழைப்பு உண்டென்று சொல்கிறாரா என்பது அந்த அறையில்தான் தெரியும்.